வெறும் பாத்திரங்களைக் கேட்டு வாங்குங்கள்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை. வாசகம்: 2 அரசர் 4:1-7)



இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட வாசகம் மிகச் சிறியது. ஏழே வசனங்கள். கணவனை இழந்த ஒரு பெண். அவளுக்கு இரண்டு ஆண் பிள்ளைகள். கணவன் இறைவாக்கினர் குழுவைச் சேர்ந்தவர். ஆண்டவருக்கு அஞ்சி வாழ்ந்தவர். ஆனால் அவர் இறந்தபோது வீட்டில் இருந்தது கடன்தான். கடன் கொடுத்தவன் வந்துவிட்டான். பணம் இல்லையென்றால் பிள்ளைகள் இருவரையும் அடிமைகளாகக் கூட்டிக்கொண்டு போவான். அந்தத் தாய் எலிசாவிடம் ஓடிவந்து முறையிடுகிறாள்.

எலிசா அவளைக் கேட்கும் கேள்வியைக் கவனியுங்கள். வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார். ஒரு கலயம் எண்ணெயைத் தவிர வேறொன்றும் இல்லை என்கிறாள். உடனே அவர், அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போய் வெறும் பாத்திரங்களைக் கேட்டு வாங்கிவரச் சொல்கிறார். கொஞ்சமாக வாங்காதே என்றும் எச்சரிக்கிறார். அவள் வாங்கி வருகிறாள். கதவைப் பூட்டிக்கொண்டு ஊற்றுகிறாள். பிள்ளைகள் பாத்திரங்களை எடுத்துக் கொடுக்கிறார்கள். ஒவ்வொன்றாக நிறைகிறது. கடைசியில், இன்னொரு பாத்திரம் கொண்டுவா என்கிறாள். இனி இல்லை என்கிறான் மகன். அப்போது எண்ணெய் நின்றுவிட்டது.

எண்ணெய் நின்றது எப்போது? பாத்திரம் தீர்ந்தபோது. கொடுக்கிறவருடைய கை குறுகிப்போனதால் அது நிற்கவில்லை. ஏந்துவதற்கு ஒன்றும் இல்லாததால் நின்றது. நூறு பாத்திரங்கள் இருந்திருந்தால் நூறும் நிறைந்திருக்கும். அருள் கடவுளுடையது, பாத்திரம் நம்முடையது. இந்த உண்மையை வைத்துக்கொண்டுதான் இன்று நம் வீட்டுக் கூரையில் விழும் மழையைப் பற்றிச் சிந்திக்கப்போகிறோம்.

புரட்டாசி முடியப் போகிறது. ஐப்பசியின் தொடக்கத்தில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும். தமிழகம் ஓர் ஆண்டில் பெறும் மழையில் ஏறத்தாழப் பாதி இந்த மூன்று மாதங்களில்தான் விழுகிறது. கடற்கரை ஊர்களில் இதைவிட அதிகம். இதை விட்டால் அடுத்த மழைக்கு நாம் நெடுநாள் காத்திருக்க வேண்டும்.

மழை பொய்த்த ஆண்டுகளில் நம் பங்குகளில் என்ன செய்கிறோம்? மழை வேண்டித் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறோம். செபமாலை சொல்லிப் பவனி வருகிறோம். நல்லது; செய்ய வேண்டியதுதான். ஆனால் அந்த மன்றாட்டுக்குப் பதிலாக மழை வந்து, நம் மொட்டைமாடியில் விழுந்து, குழாய் வழியாக இறங்கித் தெருச் சாக்கடையில் கலந்து ஓடும்போது, நாம் சன்னல் வழியே வேடிக்கை பார்க்கிறோம். மழை நின்ற மறுநாள் காலையில் அதே வீட்டுப் பெண் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கிறாள். மன்றாட்டு கேட்கப்பட்டது, ஆனால் பாத்திரம் வைக்கப்படவில்லை.

இது சின்ன ஊர்களின் கதை மட்டுமன்று. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்ததை நாம் அறிவோம். மூன்றரை ஆண்டுகள்தான் கடந்தன. 2019 ஜூன் மாதத்தில் அதே சென்னைக்கு நீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் ஏறக்குறைய வறண்டு கிடந்தன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்கள் கொண்ட ரயிலில் ஏறத்தாழ 25 இலட்சம் லிட்டர் தண்ணீர் வந்து சேர்ந்தது. தண்ணீரில் மூழ்கிய நகரம் தண்ணீருக்காக ரயிலை எதிர்பார்த்து நின்றது. வானம் கொடுக்காமல் இல்லை. கொடுத்ததை ஏந்தி வைக்க நம்மிடம் இடம் இல்லை.

விவிலியம் பிறந்த மண்ணும் மழையை நம்பிய மண்தான். எகிப்துக்கு நைல் ஆறு இருந்தது. வாக்களிக்கப்பட்ட நாடோ வானத்து மழையைக் குடிக்கும் நாடு என்று இணைச்சட்ட நூல் 11-ஆம் அதிகாரம் வேறுபடுத்திச் சொல்கிறது. அங்கேயும் நம்மைப் போலவே அக்டோபர், நவம்பரில் முன்மாரி தொடங்கும்; பங்குனி, சித்திரையில் பின்மாரியோடு முடியும். அதன்பிறகு கோடை முழுவதும் ஒரு துளி கிடையாது. எனவே மலைநாட்டு மக்கள் வீட்டுக்கு அடியிலும் முற்றத்திலும் பாறையைக் குடைந்து, சுண்ணாம்புச் சாந்து பூசி, மழைநீர்த் தொட்டிகளை அமைத்தார்கள். நாம் இன்று புதிதாகக் கண்டுபிடித்ததுபோலப் பேசும் மழைநீர்ச் சேமிப்பு, அவர்களுக்கு அன்றாட வாழ்க்கை.

இன்னொரு செய்தியும் உண்டு. நாம் வாசித்த பகுதிக்கு முந்தைய அதிகாரத்தில் மேசா என்ற மோவாபு நாட்டு மன்னன் வருகிறான். அவன் தன் செயல்களைப் பொறித்து வைத்த கல்வெட்டு 1868-ஆம் ஆண்டில் கிடைத்தது. இன்று பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஊருக்குள் தண்ணீர்த் தொட்டி இல்லாததால், ஒவ்வொருவரும் தம் வீட்டில் ஒரு தொட்டி அமைக்க வேண்டும் என்று மக்களுக்குக் கட்டளையிட்டதாக அவன் அதில் சொல்கிறான். கி.மு. 9-ஆம் நூற்றாண்டின் அரசாணை அது! தமிழக அரசு 2003-ஆம் ஆண்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர்ச் சேமிப்பைக் கட்டாயமாக்கியபோது, ஏறத்தாழ 2,800 ஆண்டுகளுக்கு முந்தைய கட்டளையைத்தான் நாம் மறுபடியும் கேட்டோம்.

கேட்டோம், செய்தோம், பிறகு என்ன ஆயிற்று? அன்று போட்ட குழாய்கள் பல வீடுகளில் உடைந்து தொங்குகின்றன. உறைகுழிகளில் மண் மூடிக் கிடக்கிறது. எரேமியா 2-ஆம் அதிகாரத்தில், ஊற்றாகிய ஆண்டவரை விட்டுவிட்டுத் தண்ணீர் நிற்காத வெடித்த தொட்டிகளை மக்கள் குடைந்துகொண்டதாக இறைவாக்கினர் புலம்புகிறார். தொட்டி கட்டியது குற்றமன்று. ஊற்றை மறந்ததும், வெடிப்பைத் தொட்டி என்று நம்பியதும்தான் குற்றம். சட்டத்துக்குப் பயந்து கட்டியது வெடித்துப் போகும். நன்றியோடு கட்டியதை நாம் பார்த்துப் பார்த்துச் சரிசெய்வோம்.

அன்பார்ந்தவர்களே, இதைச் செய்யப் பெரிய செலவோ பெரிய வீடோ தேவையில்லை. நம் முன்னோர் மழை வந்ததும் முற்றத்தில் நான்கு கம்புகளை நட்டு, வெளுத்த வேட்டியை அதில் கட்டி, நடுவில் ஒரு சுத்தமான கல்லை வைத்து, கீழே குடத்தை வைத்தார்கள். ஓட்டு வீடுகளில் தாழ்வாரத்தின் கீழே அண்டாவும் குண்டானும் வரிசையாக நிற்கும். இன்று நம்மிடம் 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் இருக்கிறது. அது போதும்.

ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். 300 சதுர அடிக் கூரை என்பது ஏறத்தாழ 28 சதுர மீட்டர். ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 280 லிட்டர் விழும். சிதறுவதும் உறிஞ்சப்படுவதும் போக 200 லிட்டருக்குக் குறையாது. அதாவது, ஓர் எளிய வீட்டின் மேல் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஒரு டிரம் நிறைந்துவிடும். 15 லிட்டர் குடத்தில் அளந்தால் பதின்மூன்று குடம். பதின்மூன்று முறை யாரோ ஒரு தாய் இடுப்பில் சுமக்க வேண்டிய தண்ணீர், கேட்காமலேயே நம் கூரைமேல் வந்து இறங்குகிறது.

செய்யும் முறையையும் சொல்லிவிடுவோம். டிரம் வாங்கும்போது அதில் முன்பு என்ன இருந்தது என்று கேட்டு வாங்குங்கள். உணவுப்பொருள் வந்த டிரம்தான் நல்லது. இரசாயனமோ பூச்சிமருந்தோ இருந்த டிரம் எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம். மழைக்கு முன்பே கூரையையும் மாடியையும் பெருக்கிக் கழுவிவிடுங்கள். ஓட்டுக் கூரை, தகரக் கூரை என்றால், பிவிசி குழாயை நீளவாக்கில் பாதியாகப் பிளந்து விளிம்பில் சற்றுச் சரிவாகக் கட்டினால் தண்ணீர் ஒரு பக்கமாக வந்து சேரும். முதல் மழையின் முதல் பத்துப் பதினைந்து நிமிடத் தண்ணீரை வெளியே விட்டுவிடுங்கள். தூசியும் பறவை எச்சமும் அதோடு போகும். பிறகு டிரம்முக்குத் திருப்புங்கள். டிரம்மின் அடியிலிருந்து நான்கு விரல் உயரத்தில் ஒரு குழாய் பொருத்தினால் அடியில் படியும் மண் வராது.

மூன்று எச்சரிக்கைகள். முதலாவது, 200 லிட்டர் தண்ணீர் என்றால் 200 கிலோ எடை. செங்கல்லோ ஹாலோ பிளாக் கல்லோ அடுக்கி, ஆடாத மேடையில் வையுங்கள். சிறு குழந்தைகள் திறக்க முடியாதபடி மூடியை இறுக்கி வையுங்கள். இரண்டாவது, டெங்குவைப் பரப்பும் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். ஏழெட்டு நாட்களில் முட்டை கொசுவாகிவிடும். ஆகவே தண்ணீர் விழும் வாயிலும் வழியும் வாயிலும் கொசுவலைத் துணியை இறுகக் கட்டுங்கள். வாரம் ஒருமுறை தண்ணீரைத் தீர்த்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீரைச் சேமிக்கிறோம் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சலைக் கொடுத்துவிடக் கூடாது. மூன்றாவது, இந்தத் தண்ணீர் துணி துவைக்க, பாத்திரம் கழுவ, வீடு துடைக்க, கழிப்பறைக்கு, செடிக்கு. குடிக்க வேண்டுமென்றால் வடிகட்டி நன்றாகக் கொதிக்க வைக்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் விழுந்த தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்க வேண்டாம்.

அன்பியக் கூட்டங்களில் இதைச் சொன்னால் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "சாமி, ஒரு டிரம் தண்ணீர் எத்தனை நாளைக்கு வரும்?" நியாயமான கேள்வி. உண்மையைச் சொல்ல வேண்டும். ஐப்பசியில் பிடித்த ஒரு டிரம் தண்ணீர் சித்திரை வரை வராது. ஒரு குடும்பத்துக்குச் சில நாட்கள் வரும். ஆனால் மழைக்காலத்தில் அது ஒரே முறை நிறைவதில்லை. ஒவ்வொரு மழைக்கும் நிறையும். அத்தனை நாளும் கிணற்றிலும் ஆழ்துளைக் கிணற்றிலும் எடுக்காமல் விட்ட தண்ணீர் பூமியில் மிஞ்சும். டிரம் நிரம்பி வழியும் தண்ணீரைச் சாக்கடைக்கு விடாமல் உறைகுழிக்கோ கிணற்றருகே தோண்டிய குழிக்கோ விட்டால், அது மாசியில் கிணற்றில் பேசும். அந்தக் கைம்பெண்ணின் கலயமும் சின்னக் கலயம்தான். சின்னது என்று அவள் அதை ஒதுக்கி வைக்கவில்லை.

இப்போது வாசகத்துக்கே திரும்புவோம். அதில் நாம் எளிதாகத் தாண்டிப் போகும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் அந்தப் பெண்ணின் அக்கம்பக்கத்தார். அவர்களுடைய பெயர் இல்லை. அவர்கள் பேசுவதாக ஒரு வரி இல்லை. ஆனால் அவர்கள் பாத்திரம் தராமல் கதவைச் சாத்தியிருந்தால் அந்தப் புதுமை நடந்திருக்குமா? எலிசா நினைத்திருந்தால் அவள் வீட்டுக் கலயத்திலேயே புதுமையை முடித்திருக்கலாம். அவரோ அவளைத் தெருவுக்கு அனுப்பினார். ஒரு தெருவே பாத்திரம் கொடுத்தது. ஒரு குடும்பம் பிழைத்தது.

நம் தெருவிலும் எல்லாருக்கும் ஒரே கூரை இல்லை. மொட்டைமாடி வீடும் இருக்கிறது; கீற்றுக் கொட்டகையும் இருக்கிறது; ஓர் அறையில் வாடகைக்கு இருப்போரும் உண்டு. அவர்களுக்கு மழை பிடிக்கக் கூரையும் இல்லை, டிரம் வைக்க இடமும் இல்லை. கடவுள் நேர்மையுள்ளோர் மேலும் நேர்மையற்றோர் மேலும் மழை பெய்யச் செய்கிறார் என்று மலைப்பொழிவில் நம் ஆண்டவர் சொல்கிறார். மழைக்குத் தெரு தெரியாது, சாதி தெரியாது. ஆனால் குழாய்க்குத் தெரு தெரியும். எந்தத் தெருவுக்கு முதலில் திறப்பது, எந்தத் தெருவுக்குக் கடைசியில் என்பது அதற்குத் தெரியும். வானத்திலிருந்து சமமாக இறங்கிய தண்ணீரை நாம் கூரையில் பிடித்த பிறகு, அதையும் குழாயைப் போலப் பாகுபாடு பார்த்துக் கொடுப்போமா?

யோவான் நற்செய்தி 4-ஆம் அதிகாரத்தில் சமாரியப் பெண்ணிடம் இயேசு தண்ணீர் கேட்கிறார். யூதர் சமாரியரோடு பழகுவதில்லை என்று அங்கே வாசிக்கிறோம். அவ்விடத்திலுள்ள கிரேக்கச் சொல்லுக்கு, ஒரே பாத்திரத்தைச் சேர்ந்து புழங்குவதில்லை என்றும் அறிஞர்கள் பொருள் சொல்கிறார்கள். தண்ணீர் மொள்ள இயேசுவிடம் ஒன்றும் இல்லை. அவர் குடிக்க வேண்டுமானால் அவளுடைய பாத்திரத்தில்தான் குடிக்க வேண்டும். தெரிந்தேதான் கேட்டார். தனிக் குவளையின் வரலாறு அறிந்த நம் ஊர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்ற திருமடலின் 30-ஆம் பத்தியில், பாதுகாப்பான குடிநீர் ஒவ்வொரு மனிதரின் அடிப்படை உரிமை என்றும், அது கிடைக்காத ஏழைகளுக்கு உலகம் பெரும் கடன்பட்டிருக்கிறது என்றும் கற்பித்தார். கடன் என்ற சொல்லைக் கவனியுங்கள். நாம் வாசித்த கதையில் கைம்பெண் கடன்பட்டவள். இங்கே கடன்பட்டவர்கள் நாம்.

ஆகவே இந்த மழைக்காலத்துக்கு மூன்று காரியங்களை முன்வைக்கிறோம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு டிரம், இயலாவிட்டால் ஓர் அண்டா. இது முதலாவது. மாடி வீடு உள்ளவர்கள் இரண்டாவதாக ஒரு டிரம்மை வாசல் பக்கம், தெருவிலிருந்து எட்டும்படி வையுங்கள்; அதன் குழாயைத் திறக்கிறவர் யார் என்று பார்க்க வேண்டாம். இது இரண்டாவது. மூன்றாவது, நம் ஆலயங்கள். ஊரிலேயே பெரிய கூரை பெரும்பாலும் கோயில் கூரைதான். 3,000 சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழைக்கு 2,000 லிட்டருக்கு மேல் பிடிக்கலாம். அது நூற்று முப்பது குடத்துக்குக் குறையாது. பங்குப் பேரவையும் இளைஞர்களும் ஒரு ஞாயிறு மாலை கைகோத்தால் குழாய் பொருத்திவிடலாம். பிடித்த தண்ணீர் முதலில் கூரை இல்லாதவர்களுக்குப் போகட்டும். கோயில் தோட்டத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று. அந்தக் கதையில் எண்ணெய்க்காக எண்ணெய் பெருகவில்லை. இரண்டு பிள்ளைகளுக்காகப் பெருகியது. அவர்கள் அடிமைகளாகப் போகாதிருக்கப் பெருகியது. இன்றும் தண்ணீருக்காகப் பிள்ளைகள் பிடிபட்டுத்தான் கிடக்கிறார்கள். தண்ணீர் லாரி வரும் நேரம் பள்ளிக்கூட நேரமாக இருந்தால், தாய் கூலி வேலைக்குப் போன வீட்டில் குடத்தோடு நிற்பது யார்? பெரும்பாலும் மூத்த பெண் பிள்ளை. முதல் பாடவேளை போகிறது. தேர்வுக்குப் படிக்கும் காலை நேரம் போகிறது. எந்தக் கடன்காரனும் வாசலில் வந்து கத்துவதில்லை. சத்தமில்லாமல் அந்தப் பிள்ளையின் படிப்பு போகிறது. நம் வாசலில் நிறைந்து நிற்கும் ஒரு டிரம் அவளுக்கு ஒரு காலைப்பொழுதைத் திருப்பிக் கொடுக்கும் என்றால், அதைச் சின்னக் காரியம் என்று யார் சொல்ல முடியும்? அந்தத் தாயின் கையில் பாத்திரங்களை எடுத்துக் கொடுத்தவர்கள் அவளுடைய பிள்ளைகள்தான். நம் பிள்ளைகளையும் இந்த வேலையில் சேர்த்துக்கொள்வோம். வலை கட்டுவதும் டிரம் கழுவுவதும் மறைக்கல்வி வகுப்பில் மறக்க முடியாத பாடமாக இருக்கும்.

மன்றாடுவோம். வானத்தைத் திறந்து மழையைப் பொழியும் தந்தையே, நீர் தருவதை நன்றியோடு ஏந்திக்கொள்ள எங்கள் வீடுகளை ஆயத்தப்படுத்தும். ஏந்தியதை எங்களுக்கென்று மட்டும் பூட்டி வைக்காத மனத்தைத் தாரும். தண்ணீர் சுமந்து களைத்த எங்கள் தாய்மாரையும் பிள்ளைகளையும் ஆசீர்வதியும். இந்த ஆண்டு உம் மழை எங்கள் தெருவில் இறங்கும்போது, ஏந்தப் பாத்திரம் இல்லாத வீடு ஒன்றும் இல்லாதபடி செய்தருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.